தோலும் துயிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில், பள்ளிகொண்டா என்றோர் ஊர் உண்டு. திருமால் அங்கே உத்தர ரங்கநாதராகப் பள்ளிகொண்டிருக்கிறார். பெருகி வந்த ஆற்றின் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுத்தார் என்பது தலபுராணக் கதை. நீரின்மேல் துயில்வது தெய்வத்துக்கே உரியது என்று எண்ணி வந்த நாடு இது. அந்த நீர்ப்படுக்கை இன்று மருந்துக்கடையில் மடித்துக் கட்டிய ரப்பர் பையாக விற்பனைக்கு வந்திருக்கிறது. அதனை எவர் வாங்க வேண்டும், எதற்காக வாங்க வேண்டும், வாங்கிய பின் என்ன செய்ய வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். கவிஞர்கள் கூடிய அவையில் கட்டிலைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் பேசலாமா என்ற ஐயம் எழலாம். துயிலைப் பாடாத தமிழ்க்கவிதை இல்லை. பாடாண் திணையில் மன்னனின் உறக்கத்துக்கென்றே கண்படைநிலை என்றொரு துறை வகுத்தவர்கள் தமிழர்கள். ஆகவே பொருள் அவைக்குப் புறம்பானதன்று.

ஒரு வீடு

மேலைநாடுகளில் நீர்ப்படுக்கை என்றால் இன்பத்துக்கான பொருள். 1968ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பு பயின்றுகொண்டிருந்த சார்லஸ் ஹால் என்ற மாணவர், மாவுக்கூழ் நிரப்பிய நாற்காலியில் தொடங்கி, கடைசியில் நீர் நிரப்பிய படுக்கையை உருவாக்கினார். 1971இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1980களில் அமெரிக்க இல்லங்களில் அது பெருவழக்காக இருந்தது. பின்னர் அந்த மோகம் தணிந்தது. வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் ‘வாட்டர் பெட்’ என்ற சொல் காதில் விழும்போது எவர் மனத்திலும் இன்பம் தோன்றுவதில்லை. ‘யாருக்கு முடியவில்லை?’ என்ற கேள்விதான் எழுகிறது.

ஆம்பூரில் ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வது நல்லது. அது எந்த ஒரு தனிவீடும் அன்று; பல வீடுகளின் சாயல். முதியவர் ஒருவர். இளமை முழுவதும் தோல் ஷாப்பில் உழைத்தவர். ஈரத்தோலை விரித்துக் கைவிரலை ஓட்டினாலே உண்ணி கடித்த இடமும், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பும், கத்தி ஆழப்பட்ட இடமும் அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது பக்கவாதத்தில் வீழ்ந்து கிடக்கிறார். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். மருமகள் பகலில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். முதிய மனைவிக்கு மூட்டுவலி. ஒருநாள் வேட்டி மாற்றும்போது அவருடைய இடுப்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துக் கன்றிய ஓர் இடம் தென்படுகிறது. தகவல் அறிந்த மகன் அன்றே பணம் அனுப்பி ‘வாட்டர் பெட்’ வாங்கச் சொல்கிறான். படுக்கை வருகிறது, நீர் நிரப்பப்படுகிறது, வீடு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. மூன்றாம் வாரம் அந்தக் கன்றிய இடம் புண்ணாகிறது.

மகனின் அன்பில் குறையில்லை, படுக்கையும் பொய்யானதன்று. பின் ஏன் புண் வந்தது? அதற்கு விடை காண வேண்டுமானால் தோலைப் பற்றி முதலில் அறிய வேண்டும். தோலைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த வட்டாரம் வேறில்லை.

இருவகைத் தோல்

உரித்த தோல் தானாக விட்டால் சில நாளில் அழுகிவிடும். அதைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டையாலோ கடுக்காயாலோ குரோமியம் உப்பாலோ பதனிட்டால், அதன் நார்கள் இறுகிப் பிணைந்து, பல்லாண்டு அழுகாத பொருளாகின்றன. இதனை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் அறிவார்கள்.

உயிருள்ள மனிதனின் தோலுக்குப் பட்டையும் இல்லை, உப்பும் இல்லை. அதனை அழுகாமல் காக்கும் ஒரே பதனம் இரத்த ஓட்டம். தோலின் அடியில் ஓடும் நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகக் குறைவு. பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே அகப்பட்ட தோலின்மீது அதைவிட மிகுந்த அழுத்தம் மணிக்கணக்கில் நின்றால், அந்த இடத்துக்கு இரத்தம் செல்லாது. முதலில் சதை சாகும். பிறகு தோல் வெடிக்கும். படுக்கைப் புண் பல வேளைகளில் உள்ளே தொடங்கி வெளியே வருகிறது. வெளியே சிறிய துளையாகத் தெரிவது உள்ளே பெரிய குழியாக இருப்பதும் உண்டு. புட்டத்தின் நடுவெலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, தலையின் பின்புறம் ஆகிய எலும்பு முட்டும் இடங்களே புண்ணுக்கு இலக்காகின்றன.

நலமுள்ளவருக்கு இது ஏன் வருவதில்லை? உறங்கும்போதும் அவர் உடல் முழுவதும் உறங்குவதில்லை. ஓரிடத்தில் அழுத்தம் மிகுந்தவுடன் சிறு நோவு தோன்றுகிறது. கண் விழிக்காமலே அவர் புரண்டு படுக்கிறார். ஓர் இரவில் பலமுறை இது நிகழ்கிறது. காலையில் நினைவில் ஒன்றும் இராது. பக்கவாதமோ முதுகுத்தண்டுக் காயமோ வந்தவருக்கு நோவும் தெரியாது. தெரிந்தாலும் புரள இயலாது.

இந்த உண்மையை உலகுக்கு அழுத்தமாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் வேலூரில் பணியாற்றியவர் என்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமை. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் நோய் நேராகச் சதையைத் தின்பதன்று. நோவு உணர்ச்சி அற்றுப்போவதே என்று கண்டார். நோவு என்பது உடலின் காவலாளி என்று அவர் வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்தார். உணர்ச்சியற்ற பாதங்களுக்காக வேலூரிலும், 1955இல் தோன்றிய கரிகிரி நிலையத்திலும் நுண்துளை ரப்பரால் ஆன செருப்புகள் செய்யப்பட்டன. அந்தச் செருப்பின் தத்துவமும் நீர்ப்படுக்கையின் தத்துவமும் ஒன்றே. ஓரிடத்தில் குவியும் பாரத்தைப் பல இடங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே அது.

நீர் செய்யும் உதவி

இந்தப் பகிர்வை நீரைக்கொண்டு முதலில் செய்து காட்டியவர் நீல் ஆர்னாட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1832இல் இலண்டனில், பிரசவத்துக்குப் பின் காய்ச்சலுற்றுப் படுத்த படுக்கையாகிப் புண்கண்ட ஒரு பெண்ணைக் காக்க வழி தேடினார். தொட்டியில் நீர் நிரப்பி, அதன்மேல் ரப்பர் பூசிய துணியைத் தளர்வாக விரித்து, விளிம்பில் நீர் கசியாதவாறு இறுக்கி, மேலே மெல்லிய மெத்தையிட்டு நோயாளியைக் கிடத்தினார். உடல் நீரில் மிதந்தது, ஆனால் நனையவில்லை. நோயாளி உறங்கினார்; புண்களும் ஆறத் தொடங்கின. ஆர்னாட் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. எவர் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘தளர்வாக’ என்பது. நீர் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் என்பது பாஸ்கல் கண்ட விதி. உடல் அமிழ அமிழ, அதைத் தாங்கும் பரப்பு கூடுகிறது. ஓரிடத்து அழுத்தம் குறைகிறது. ஆனால் மேலுறை இறுக்கமாக இருந்தால் உடல் நீரில் அமிழாது. பறைத்தோலின்மேல் கிடப்பதுபோல உறையின்மேல் கிடக்கும். நிரம்பி வழிய நீர் ஊற்றிய படுக்கை கல்தரையைப் போன்றதே. குறைவாக ஊற்றினால் எலும்பு அடித்தளத்தை முட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பயன்.

நாவலில் வந்த படுக்கை

எழுத்தாளர் கூடிய அவையாதலால் ஒரு நாவலைக் குறிப்பிடுவது பொருந்தும். எலிசபெத் காஸ்கெல் என்ற ஆங்கில நாவலாசிரியை 1854–55இல் தொடராக எழுதிய ‘வடக்கும் தெற்கும்’ பஞ்சாலை நகரமொன்றின் கதை. கதைத்தலைவி மார்கரெட்டின் தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். நீர்ப்படுக்கை உதவும் என்கிறார் மருத்துவர். அதை இரவல் கேட்பதற்காக மார்கரெட் ஆலை முதலாளியின் வீட்டுக்கு நடந்து செல்கிறாள். அன்றுதான் வேலைநிறுத்தம் முற்றி, தொழிலாளர் கூட்டம் அவ்வீட்டு வாயிலை முற்றுகையிடுகிறது. முதலாளிக்கு முன்னால் போய் நின்றவள்மீது கல் பட்டு இரத்தம் கசிகிறது. நாவலின் போக்கையே மாற்றும் நிகழ்ச்சி அது. அதற்கு அவளை அங்கே கொண்டுசென்றது ஒரு நீர்ப்படுக்கை. படுக்கை வந்து சேர்ந்த பிறகு, நெடுநாளைக்குப்பின் நன்றாக உறங்கியதாகத் தாய் மகிழ்கிறாள். மகளோ தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொல்லாமல் மறைத்துக்கொள்கிறாள்.

ஒருவர் நன்கு உறங்கினார். அந்த உறக்கத்தின் விலையை வேறொருவர் கொடுத்தார். தொழில்நகரத்து வீடுகளில் இது அன்றும் இன்றும் உள்ள கணக்கு. ஆம்பூர் வீட்டு மருமகளிடம் கேட்டால் அவளும் இதையே சொல்வாள்.

தேர்ந்தெடுத்தல்

இனி, வாங்குவோர் அறிய வேண்டியவற்றை வகைப்படுத்திக் காண்போர்க்கு முதலில் நிற்கும் கேள்வி, யாருக்கு என்பதாகும்.

நலமாக உள்ளவர் ‘நல்ல தூக்கம் வேண்டும்’ என்று மட்டும் கருதி நீர்ப்படுக்கை வாங்குவதில் பெரும்பயன் இல்லை. டென்மார்க்கில் இடுப்புவலி உள்ள 160 பேரிடம் நீர்ப்படுக்கை, உடலுக்கு இசையும் நுரைமெத்தை, கடினமான மெத்தை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. முதலிரண்டும் கடினமெத்தையைவிடச் சற்று மேல் என்றது, வேறுபாடோ சிறியது. அச்சிறிய நன்மைக்காக அறை நடுவே ஒரு குளத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இலவம்பஞ்சு மெத்தையைக் கொட்டிப் புதிதாய் அடித்துத் தைத்தாலே பலருக்குப் போதும்.

தாமாகப் புரளவும் எழுந்து உட்காரவும் வல்ல முதியவருக்கும் இது உகந்ததன்று. நீர் அசையும், ஊன்றிய கை அமிழும், கட்டில் விளிம்பு கைக்கு எட்டாது. தாமாகப் புரண்டவர் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடலாம். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருகிறவருக்குப் பயிற்சி தருபவர், திடமான மெத்தையே வேண்டும் என்று சொல்லக்கூடும். ஆகவே மருத்துவரிடமோ இயன்முறைப் பயிற்சியாளரிடமோ கேட்காமல் வாங்கலாகாது. முற்றிலும் அசைய இயலாதவர்க்கே இப்படுக்கை உரியது.

இரண்டாவது, கட்டில். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள படுக்கையில், ஏறக்குறைய 180 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் என்று கொண்டு, பத்து சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது 162 லிட்டர். எடையும் 162 கிலோ. பதினைந்து லிட்டர் குடத்தால் பத்துப் பதினொரு குடம். அதன்மேல் அறுபது கிலோ எடையுள்ள மனிதர் படுத்தால் கட்டில் தாங்க வேண்டியது 222 கிலோ. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் தொய்ந்து, நீர் நடுவில் திரண்டுவிடும். பலகைக் கட்டிலோ தகடு பதித்த இரும்புக் கட்டிலோ வேண்டும். பழைய மெத்தை ஒன்றை அடியில் இட்டு, படுக்கையைக் கட்டிலின்மேல் விரித்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். தரையில் நிரப்பிய படுக்கையைப் பின்னர் எவராலும் தூக்கி வைக்க முடியாது.

மூன்றாவது, படுக்கையின் உடல். ரப்பர் பூசிய துணியாலானது, பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது என இருவகை கிடைக்கின்றன. எதுவாயினும் ஒட்டிய விளிம்புகளையும் நீர் நிரப்பும் வாயின் மூடியையும் இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே அறை அறையாகப் பிரித்தவை தளும்பல் குறைந்தவை. தோலின் தரம் பார்க்கத் தெரிந்த வட்டாரத்துக்கு ரப்பரின் தரம் பார்ப்பது அரிதாகாது.

நான்காவது, நீர். இந்த வட்டாரத்தில் நீர் என்பது எளிய சொல்லன்று. தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் மண்ணும் கிணறும் உவர்த்த கதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாயிற்று என்ற கணக்கும் அத்தீர்ப்பில் உண்டு. குடிநீரைக் குடம் குடமாகச் சேர்க்கும் வீட்டில் பதினொரு குடம் சிறிதன்று. நல்லவேளையாக, இது குடிக்கும் நீரன்று. கலங்கலும் நாற்றமும் இல்லாத புழக்கநீர் போதும். மிகவும் உவரான நீர் மூடியின் வாயில் உப்புப் படியச் செய்யும். அதைத் தவிர்த்தல் நலம். நாட்பட்ட நீரில் பாசி பிடிக்கும். ஆகவே அவ்வப்போது மாற்ற வேண்டும். ஊற்றி முடித்ததும் உள்ளே நின்ற காற்றை அழுத்தி வெளியேற்றிய பின்பே மூடியை இறுக்க வேண்டும்.

ஐந்தாவது, அளவு. இதற்கு அளவுகோல் கைதான். நோயாளியைக் கிடத்திய பின், நீர்ப்படுக்கைக்கும் அடிமெத்தைக்கும் இடையே, அவர் புட்டத்துக்கு நேர்கீழே, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கக் கையைச் செலுத்திப் பார்க்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் நீர் போதாது. இடையே ஓர் அங்குல நீராவது தடையாக நிற்க வேண்டும். மேலே படுக்கை விறைத்து, உடல் அமிழாமல் நின்றால் நீர் மிகை. மேல்விரிப்பு மெல்லிய பருத்தித் துணியாக, சுருக்கமின்றி, ஆனால் இழுத்துச் செருகாமல் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய விரிப்பு நீரின் பயனைக் கெடுத்துவிடும். ரப்பர் வியர்வையை உறிஞ்சாது. ஆகவே நனைந்த விரிப்பை உடனே மாற்ற வேண்டும். ஊசி, ஊக்கு, வளையலின் உடைந்த முனை ஆகியன அருகில் வரலாகாது.

ஆறாவது, பருவம். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் நாற்பது பாகையைக் கடக்கும்போது நீரின் குளிர்ச்சி இதமாயிருக்கும். மார்கழி இரவில் அதே நீர் உடலின் சூட்டை இடைவிடாமல் இழுக்கும். மேலைநாட்டுப் படுக்கைகளில் சூடேற்றும் கருவி உண்டு. இங்கே விற்கும் நோயாளர் படுக்கையில் அது பெரும்பாலும் இராது. ஆகவே குளிர்காலத்தில் இளவெந்நீர் கலந்து நிரப்புவதும், மேலே கம்பளி விரிப்பதும், முதியவரின் கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் தேவை.

மின்விசைப் பொறியால் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும் காற்றுப்படுக்கை இன்னொரு வகை. எடை குறைவு, அழுத்தம் தானாக இடம் மாறும். ஆனால் மின்சாரம் நின்றால் அதன் பணியும் நிற்கும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகம் கண்ட நெடிய மின்வெட்டுகளை எண்ணிப் பார்த்தால், மின்சாரம் வேண்டாத நீரின் அருமை விளங்கும். வசதியும் மின்சாரமும் உள்ள வீட்டுக்குக் காற்று; அவை உறுதியில்லாத வீட்டுக்கு நீர் என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும்.

படுக்கை செய்யாதது

இத்தனையும் சரியாக அமைந்த வீட்டிலும் புண் வரலாம். ஆம்பூர் வீட்டில் வந்ததும் அவ்வாறே. காரணம் ஒன்று. படுக்கை வந்த நாளிலிருந்து அவரை எவரும் புரட்டிப் படுக்க வைக்கவில்லை. ‘அதுதான் வாட்டர் பெட் இருக்கிறதே’ என்ற சொல் அவ்வீட்டில் கைகளை ஓய்வெடுக்கச் செய்தது. நீர் அழுத்தத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது. புண் வரும் நேரத்தைத் தள்ளிப்போடும், காவல் காக்காது.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் முதுகுத்தண்டுக் காயமுற்ற போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். சாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து, விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டார்கள். வேலூரிலும் அதற்கொரு சான்று உண்டு. 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அந்த வாழ்க்கைக்குப் பின்னால், அவரை நாள்தோறும் புரட்டியும் தூக்கியும் பேணிய கைகள் இருந்திருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது அரிய கலையன்று. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று முறை வைத்து, சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் நேரம் குறிக்க வேண்டும். கெண்டைக்காலின் அடியில் தலையணை இட்டுக் குதிகாலைத் தொங்கவிட வேண்டும். நடுவில் துளையுள்ள காற்று வளையத்தைப் புட்டத்தின் அடியில் வைப்பது பழைய வழக்கம். அது சுற்றிலும் இரத்தத்தை நெருக்குவதால் இப்போது மருத்துவர்கள் விலக்குகிறார்கள். கன்றிய இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் தீங்கு. இழுத்து நகர்த்தாமல் தூக்கி நகர்த்த வேண்டும். கஞ்சியோடு நில்லாமல் முட்டை, பருப்பு, பால் என்று சத்துள்ள உணவு தர வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லம் தேடி வரும் நோய் தணிப்புப் பேணுதலும் இயன்முறைப் பயிற்சியும் அடங்கும். அதனைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நாள்தோறும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு முதல் அறிகுறி என்கின்றன நூல்கள். கரிய மேனியில் சிவப்பு தெரியாது. அங்கே விரல்தான் கண். சுற்றுத்தோலைவிட ஓரிடம் சூடாகவோ கல்போலவோ களிபோலவோ இருந்தால் அதுவே எச்சரிக்கை. ஈரத்தோலில் விரல் ஓட்டிக் குற்றம் கண்டவர் அந்த முதியவர். அவர் தோலில் விரல் ஓட்ட அவ்வீட்டில் ஒருவர் இருந்திருந்தால், அந்தக் கன்றல் புண்ணாகியிராது.

யாருடைய துயில்

இரண்டு மணிக்கு ஒருமுறை என்பதைச் சொல்லிவிடுவது எளிது. இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவள், இடையில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என மூன்று முறை எழ வேண்டும். காலையில் அவளுக்கு ஷூ கம்பெனி வண்டி வந்துவிடும். அவளுடைய துயிலை எந்தக் கடையில் வாங்குவது? நீர்ப்படுக்கையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. நல்ல படுக்கை, மருத்துவரோ செவிலியரோ தோலைப் பார்த்துச் சம்மதித்தால், அந்த இடைவெளியைச் சற்று நீட்டித் தரலாம். அப்படிக் கிடைக்கும் ஒரு மணி நேரம் நோயாளிக்கு மட்டும் உரியதன்று, பேணுபவளுக்கும் உரியது. வீட்டிலுள்ள ஏனையோர் முறை பிரித்துக்கொண்டால் அது இரண்டு மணியாகும். வெளியூரில் உள்ள மகன் பணத்தோடு ஆண்டில் சில வாரங்களைத் தந்து அந்த இரவுகளை ஏற்றால், அவன் வாங்கித் தந்த படுக்கை அப்போதுதான் முழுமை பெறும். படுக்கை வாங்கும்போது அதில் படுக்கப்போகிறவரை மட்டும் எண்ணினால் போதாது. அருகில் பாய் விரித்துப் படுப்பவளையும் எண்ண வேண்டும்.

தமிழ்க்கவிதையின் மிகச் சிறந்த கட்டில்களுள் ஒன்று நெடுநல்வாடையில் உள்ளது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தால் கடைந்த கட்டில். அன்னத்தின் தூவி பரப்பிய அணை. அத்தனை சிறப்பையும் நக்கீரர் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அதில் படுத்திருக்கும் அரசிக்கு உறக்கமில்லை என்கிறார். அரசன் எங்கே? வாடைக்காற்று தூவலோடு வீசும் நள்ளிரவில், பாசறையில், விளக்கொளியில், புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராய்க் கண்டு ஆற்றிக்கொண்டிருக்கிறான். அவனும் உறங்கவில்லை. புண்பட்டவர் உறங்க வேண்டுமானால் எவரோ ஒருவர் எழுந்து நடமாட வேண்டியிருக்கிறது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இன்றிரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு எழுந்து, மாமனாரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து மெல்லப் புரட்டும் பெண் செய்வதும் அந்த அரசன் செய்ததே. அவளைப் பாட இந்த வட்டத்தின் கவிஞர்கள் முன்வர வேண்டும். பாடுவதற்கு முன் அவரவர் வீட்டில் ஓரிரவு அவள் முறையை ஏற்றுக்கொண்டால், அந்தப் பாட்டு இன்னும் உண்மையாக இருக்கும்.